சம்பந்தியாரின் பீப்பா

என் அறையில் குளிருக்குப் போடுகிற பழைய ஹீற்றர் ஒன்று இருக்கிறது. மண்ணிறம், ஒரு மூலை நசுங்கியது, சுவரோடு சாய்த்து வைத்தால்தான் நேராக நிற்கும். அதைப் போட்டுச் சற்று நேரம் போனால் கம்பிவலைக்குள்ளிருந்து ஒரு மணம் கிளம்பும். பனங்கட்டிப் பாகு அடிப்பிடித்தால் ஒரு மணம் வருமே, அதுதான். அதோடு கொஞ்சம் புளிப்பும், மழையில் நனைந்த சாக்கின் வாடையும் சேர்ந்திருக்கும். மகள் படிக்கட்டில் பாதிக்கு மேல் இறங்க மாட்டாள். மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்று, "அம்மா, உதைத் தூக்கி எறியுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது? வாங்கித் தந்த புதுசு பெட்டியோட கிடக்கு" என்பாள். நான் "பார்ப்பம்" என்பேன். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் அதிகம் சொன்ன சொற்கள் இரண்டுதான். ஒன்று "பார்ப்பம்", மற்றது "ம்".

அந்த மணம் சம்பந்தியார் வைத்துவிட்டுப் போனது. என் மருமகனுடைய தகப்பனார். போன கோடையில் தவறிப்போனார். இறந்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் சொல்ல வேண்டும் என்பார்கள். அவர் நல்ல மனிதர்தான், அதில் பேச்சில்லை. ஆனால் அவர் மீது எனக்கிருந்த எரிச்சல் இன்னும் தீர்ந்தபாடில்லை. அதை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரோ ஒருவரைப் பற்றிய எழுத்தாகிவிடும்.

இந்தக் குளிர் தேசத்தில், மோர்னிங்சைட் பக்கத்தில் மகளும் மருமகனும் வாங்கிய வீடு இது. மருமகன் மார்க்கம் நகருக்குக் காரோட்டிக்கொண்டு கணினி வேலைக்குப் போவார், மகள் டவுன்ரவுனுக்குப் போவாள், பேத்தி பள்ளிக்கூடம் போவாள். வீட்டில் மிச்சம் இருந்தது நாங்கள் இரண்டு பேர். என் மனுசன் ஊரிலேயே போய்விட்டார், சம்பந்தியாரின் மனுசி இங்கே வந்த பிறகு போனவ. மேல்மாடியில் ஒரு சின்ன அறை அவருக்கு. நிலத்துக்குக் கீழே, பேஸ்மன்றில் ஒரு அறை எனக்கு. அறைக்கு வெளியே, உடுப்புத் தோய்க்கிற மெசினும் மீன் வைக்கிற பிறீசரும் நிற்கிற வெறும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில்தான் அவர் பியர் காய்ச்சினார்.

எங்கள் தீவில், பெண்ணைக் கொடுத்தவர்கள் மகள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவே கூசுவார்கள். நான் அங்கே கட்டில் போட்டு இருக்கிறேன். அவர் மாப்பிள்ளையின் தகப்பன். அவர் ஒன்று கேட்டால் நான் மறுக்க முடியாது, நானாக ஒன்று கேட்கவும் முடியாது. இது முறை. முறையை விட்டாலும் எனக்கு வாய் வராது. ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டதும் ஆம்பிளையள் இருக்கிற இடத்தில் கதைக்கிறதையும் அதோடு விட்டவள் நான். அதனால் வெகுகாலம் நானும் சம்பந்தியாரும் முகம் பார்த்து ஒரு சொல் பேசியதில்லை. எல்லாம் பேத்தி ஊடாகத்தான். அவர் மேசையில் இருப்பார், நான் அடுப்படியில் நிற்பேன், நடுவில் ஒரு கதிரை. "பிள்ளை, சொதிக்கு உப்புக் காணாது எண்டு அம்மம்மாட்டைச் சொல்லு." பேத்தி போனிலிருந்து தலையை எடுக்காமல், "அம்மம்மா, சோல்ற்" என்பாள். "காணும் எண்டு சொல்லு பிள்ளை, அப்பப்பாவுக்குப் பிறெசர் எல்லோ." ஒருநாள் அவள் கரண்டியைப் போட்டுவிட்டுக் கத்தினாள்: "ரெண்டு பேரும் சேம் றூமிலதானே நிக்கிறியள்! வை மீ?"

சம்பந்தியார் ஊரிலிருந்து வந்த காலம் முதல் ஓய்வு பெறும்வரை ஒரு பெரிய பியர்க் கொம்பனியில் வேலை செய்தவர். பியர் காய்ச்சுகிற வேலை என்று நினைக்க வேண்டாம். கழுவுகிற வேலை. முழங்கால்வரை றப்பர்ச் சப்பாத்து, கையில் தண்ணீர்க் குழாய், காது அடைக்கிற இரைச்சல், எந்த நேரமும் ஈரமான நிலம். வீடளவு உயரமான பாத்திரங்களுக்குள் தலையை விட்டுக் கழுவுவாராம். கழுவுகிற மருந்து ஒருமுறை பட்டு இடது கையில் தோல் வெந்து வழுவழுவென்று இருந்தது. காய்ச்சுகிறவர்கள் வேறு ஆட்கள், வெள்ளைச் சட்டைக்காரர். அவர்கள் ருசி பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், பிறகு இவரைக் கூப்பிட்டுக் கழுவச் சொல்வார்கள். ஆனால் அவருக்கு அதில் மனக்குறை இருந்ததாகத் தெரியவில்லை. "பியர் எண்டுறது கழுவுற வேலைதான். வடிவாக் கழுவினா மிச்சம் தானா நடக்கும்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வார். இன்னொன்றும் சொல்வார்: "கை வைக்காதையுங்கோ." போத்தலைத் தொட்டால் கை வைக்காதையுங்கோ, மூடியைத் தொட்டால் கை வைக்காதையுங்கோ. கையில் உள்ள கிருமி பட்டால் எல்லாம் பழுதாகிவிடுமாம்.

ஓய்வு பெற்றபோது அவரோடு கழுவின கூட்டாளிகள் சேர்ந்து ஒரு பரிசு கொடுத்தார்கள். மூடியுள்ள ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் பீப்பா, மூடியின் மேலே செருக ஒரு வளைந்த சின்னக் குழாய், ஒரு சாக்கு முளைவிட்ட பார்லி. அந்த மனிதர்களை இன்றைக்கும் நான் மனதுக்குள் ஏசுவதுண்டு. ஒரு மணிக்கூடு வாங்கிக் கொடுத்திருக்கக் கூடாதா?

அதன் பிறகு வீடு வீடாக இருக்கவில்லை. பார்லியை வெந்நீரில் ஊறவிட்டால் மாட்டுக் கொட்டில் மணக்கும். அதை வடித்துக் கொதிக்கவைத்து ஹொப்ஸ் என்று ஒன்றைப் போடுவார். காய்ந்த பூவாம். பார்வைக்கு ஆட்டுப் புழுக்கை, நாக்கில் வேப்பம்பட்டை. கொதித்தது என் சோற்றுப் பானையில். அந்தக் கைப்பு ஒரு கிழமைக்குச் சோற்றில் இருந்தது. இன்னொரு தரம் குசினியில் அழுகின வாழைப்பழ மணம். அலுமாரிக்கு மேலே, பிறிட்சுக்குப் பின்னாலே என்று அரைநாள் தேடினேன். கோதுமையில் காய்ச்சுகிற பியர் ஒன்று உண்டாம், அது புளிக்கும்போது வாழைப்பழம் மணக்குமாம், அப்படி மணந்தால்தான் சரியாம். பேத்தி வந்து சொன்னாள். என் கொத்தமல்லிப் போத்தல் வெறுமையானதும் இப்படித்தான். தடிமனுக்கு அவிக்கலாம் என்று பார்த்தால் ஒரு மணி இல்லை. கொத்தமல்லியும் தோடம்பழத் தோலும் போட்டு வெள்ளைப் பியர் என்று ஒன்றைக் காய்ச்சி வைத்திருக்கிறார். தடிமனுக்குக் குடிக்கிறதைப் பியருக்குள் போடுகிற மனிதரை நான் என்னவென்று சொல்வது? வடித்து மிஞ்சிய பார்லிக் கோதுகளை எறிய மனமில்லாமல் புட்டு மாவோடு கலக்கச் சொல்லி அனுப்பினார். மாப்பிள்ளையின் தகப்பன் சொல்லிவிட்டாரே. அவித்தேன். எல்லோருக்கும் பல்லுக்குள் உமி. மருமகன் மட்டும், "நல்ல ஃபைபர்" என்றார்.

இவ்வளவும் செய்து அவராவது குடித்தாரா? சீனி வருத்தம். ஒரு மடக்கு வாய்க்குள் விட்டு, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் வைத்திருந்து சிங்குக்குள் துப்பிவிடுவார். சொந்தக்காரரும் தொடமாட்டார்கள். பிறந்தநாள், முதல் நன்மை விருந்து என்று வந்தால் பிறன்டியும் விஸ்கியும்தான் மேசைக்கு வரும். பிறம்ரனிலிருந்து வருகிற அவருடைய அக்கா மகன் ஒருவன் முகத்துக்கு நேரே சொன்னான்: "மாமா, உதை ஒரு பக்கத்தில வையுங்கோ. ஆருக்கும் வயித்துக்குத்து வந்தா எடுப்பம்." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போத்தல்களைத் திரும்பக் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டு, வெறும் போத்தல்களை எடுத்துக் கழுவத் தொடங்கினார். எனக்கு அறைக்குள் இருந்து அந்தத் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பாவம் என்று தோன்றியது. அடுத்த நாள் நிலத்தில் அவர் விட்டுப்போன ஈரத்தில் நான் சறுக்கினேன். பாவம் போய்விட்டது.

பிறகு அந்தக் குளிர்காலம் வந்தது. பேஸ்மன்றின் குளிர் மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. அது சுவரிலிருந்து வராது, நிலத்திலிருந்து ஏறும். மருமகன் எனக்கு இந்த ஹீற்றரை வாங்கித் தந்திருந்தார். அந்த மாசியில் சம்பந்தியாரும் ஒரு ஹீற்றர் வாங்கிப் பீப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். பியரைப் புளிக்கவைக்கிற ஈஸ்ற் குளிர்ந்தால் நித்திரையாகிவிடுமாம். அவர் போட்டார், நான் போட்டேன், பேஸ்மன்ற் முழுக்க இருண்டது. பழைய வீடு, பழைய லைன், கறன்ற் பிறேக்கர் விழுந்துவிட்டது. தூக்கிவிட்டால் மறுபடி விழும். ஒருநாள் விழுந்தது யாருக்கும் தெரியவில்லை. பிறீசரில் இருந்த அறுக்குளா மீன் முழுக்க இளகித் தண்ணீர் விட்டுவிட்டது. மகள் கோபத்தில் ஆடினாள். மருமகன் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் தீர்ப்புச் சொன்னார்: "கீழ ஒரு ஹீற்றர்தான். அது மாமிக்கு. அப்பா, நீங்கள் வெயில் வரக் காய்ச்சுங்கோ."

சம்பந்தியார் மறுத்துப் பேசவில்லை. "ஓம், ஓம், அதுதானே நியாயம்" என்றார். ஆனால் அந்தத் தரம் அவர் காய்ச்சி வைத்திருந்தது வழமையானது அல்ல. வேலைத்தலத்துக் கூட்டாளிகள் முதல்முறையாக இந்த வீட்டுக்கு வருவதாக இருந்தது. பேத்தி ஊடாக எனக்குத் தெரிய வந்த அளவில், அவர்களுக்கென்று கறுப்புப் பியர், கடுமையானது, ஊரிலிருந்து வந்த பனங்கட்டி போட்டது. அத்தனை காலம் மற்றவர்கள் காய்ச்சியதைக் கழுவினவர்கள் ஒன்றாக இருந்து, தங்களில் ஒருவன் காய்ச்சியதைக் குடிக்கப் போகிறார்கள். அது நித்திரையாகிவிடக் கூடாது.

பின்னேரம் பேத்தி என் அறை வாசலில் வந்து நின்றாள். "அம்மம்மா, ஹீற்றர் உங்கட றூமிலதானே. அப்ப பியர்ப் பரலையும் உங்கட றூமில வைக்கலாமோ எண்டு அப்பப்பா கேக்கிறார்." பிறகு குரலைத் தாழ்த்தி, "சே நோ, அம்மம்மா. ஜஸ்ற் சே நோ" என்றாள். எனக்கு இந்த நாட்டில் என்னுடையது என்று சொல்ல இருந்தது அந்த ஒரு அறை. கட்டில், மாதா படம், ஒரு சூட்கேஸ். மூடினால் மூடுகிற ஒரு கதவு. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது "ம்".

மருமகன்தான் பீப்பாவைத் தூக்கிவந்து வைத்தார். கட்டிலுக்கும் மாதா படத்துக்கும் நடுவில், ஹீற்றரோடு ஒட்ட வைத்துவிட்டு, "சூடாயிருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து நான் ஒரு பீப்பாவோடு குடித்தனம் நடத்தினேன். மூடியின் மேல் இருந்த குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றியிருக்கும். உள்ளே இருந்து காற்று வரும்போது அது "களுக்" என்னும். நான் செபமாலை சொல்ல இருந்தால் ஒவ்வொரு மணிக்கும் ஒரு களுக். உடுப்பு மாற்ற வேண்டுமென்றால் பீப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று மாற்றுவேன். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு ஆம்பிளையின் பொருள் அல்லவா.

அவருக்கும் அவதிதான். ஒரு பெண்பிள்ளையின் அறைக்குள் அவர் கால் வைக்க முடியாது. பகலில் பேத்தியும் இல்லை. படியில் பாதி இறங்கி நின்று தொண்டையைச் செருமுவார். பிறகு உடுப்புத் தோய்க்கிற மெசினைப் பார்த்துக் கேட்பார்: "சத்தம் கேக்குதோ தெரியேல்லை..." நான் உள்ளே இருந்து கதவைப் பார்த்துச் சொல்வேன்: "கேக்குது போலதான் கிடக்கு." மெசினிடம், "வேகமாவோ, மெதுவாவோ தெரியேல்லை" என்பார். "வேகம் போல" என்று கதவுக்குச் சொல்வேன். "நல்லது, நல்லது" என்று சொல்லிக்கொண்டு மேலே ஏறிவிடுவார். பீப்பா ஹீற்றரோடு ஒட்டி நிற்கிறது என்று அவருக்குத் தெரியாது. அப்படி நிற்கக் கூடாது என்று எனக்குத் தெரியாது. எனக்கு அது சுடுகிறதே என்று பட்டதுதான். ஆனால் அதைச் சொன்னால், இடைஞ்சல், எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்வதுபோல் ஆகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாள் காலை எல்லோரும் வேலைக்குப் போன பிறகு நான் செபமாலையோடு இருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஏதோ குறைகிறது என்று பட்டது. களுக் இல்லை. திரும்பிப் பார்த்தால், சின்னக் குழாய்க்குள் தண்ணீருக்குப் பதில் கறுத்த நுரை ஏறி அடைத்திருக்கிறது. மூடி நடுவில் வீங்கி, எண்ணெயில் போட்ட அப்பளம்போல எழும்பி நிற்கிறது. இது சரியில்லை, சொல்ல வேண்டும். எழும்பிப் படியடிக்குப் போனேன். மேலே குசினியில் தமிழ் ரேடியோ போய்க்கொண்டிருந்தது, அவர் இருக்கிறார். கூப்பிட வேண்டும். என்னவென்று கூப்பிடுவது? அப்போதுதான் எனக்கு உறைத்தது, இத்தனை வருடமும் அந்த மனிதரைக் கூப்பிட என்னிடம் ஒரு சொல் இருக்கவில்லை. "இஞ்சருங்கோ" என்பது மனுசனைக் கூப்பிடுவது. "சம்பந்தி" என்று முகத்துக்கு முன்னால் யாரும் கூப்பிடுவதில்லை. நான் படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முறை தேடிக்கொண்டு நின்றேன். என் மகள் அவரை மாமா என்கிறாள். அவளுக்கு மாமா என்றால் எனக்கு...

வெடித்தது. துவக்குச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள், நான் நிலத்தில் குந்திவிட்டேன். பிறகு அறைக்குள் எட்டிப் பார்த்தால், மூடி கட்டிலில் கிடக்கிறது. முகட்டிலிருந்து கறுப்பு நுரை சொட்டுகிறது. சுவரில், போர்வையில், மாதாவின் முகத்தில், எங்கும் நுரை. பீப்பா இன்னும் பொங்கி ஹீற்றருக்கு மேலாக வழிந்துகொண்டிருக்கிறது, ஹீற்றர் சீறுகிறது. உள்ளே ஓடி வயரைப் பிடுங்கினேன். தலையில் சொத்தென்று ஒரு கட்டி விழுந்தது. என் தொண்டையிலிருந்து எனக்கே தெரியாத ஒரு குரல் வந்தது.

"அண்ணை! ஓடி வாங்கோ, அண்ணை!"

அந்தக் கால்களால் அவ்வளவு வேகமாக இறங்குவார் என்று நான் நினைக்கவில்லை. இறங்கி வந்தவர் அறை வாசலில் நின்றுவிட்டார். வீடு பொங்கி வழிகிறது, அவர் வாசலில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "உள்ள வரலாமோ?" என்று கேட்கிறார். "வாங்கோ!" என்று கத்தினேன். வந்தார். என்னைப் பார்க்கவில்லை. பீப்பாவைப் பார்த்தார். நான் வழிகிறதைத் தடுக்க ஒரு துவாயோடு கையை நீட்ட, அவர் பதறிப்போய்ச் சொன்ன முதல் சொல்: "கை வைக்காதையுங்கோ! கை வைச்சாப் பழுதாப் போடும்!"

அதோடு எனக்குள் ஏதோ பிறேக்கர் விழுந்தது.

"பழுதாப் போகட்டும்! நான் பழுதாப் போறது உங்கட கண்ணுக்குத் தெரியேல்லையோ? மாதாவின்ர முகத்தைப் பாருங்கோ. என்ர கட்டிலைப் பாருங்கோ. எனக்கு இந்தத் தேசத்தில கிடக்கிறது இந்த ஒரு அறை. அதுக்குள்ளையும் உங்கட பீப்பா. என்ர பானை, என்ர கொத்தமல்லி, இப்ப என்ர அறை. நான் வேண்டாமெண்டு சொல்ல ஏலாமல் 'ம்' எண்டனான். 'ம்' எண்டா ஓம் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். புட்டில் கிடந்த உமியைச் சொன்னேன். ஈரத்தில் சறுக்கியதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல இன்னும் வந்தது. அவர் நுரைக்கு நடுவில் சாறத்தோடு நின்று முழுவதையும் கேட்டார். நான் மூச்சு வாங்க நின்றபோது மெதுவாகச் சொன்னார்: "எனக்கு அது தெரியாது, தங்கச்சி. கேட்டன், 'ம்' எண்டு பதில் வந்தது. நல்ல மனசெண்டு நினைச்சன்." முகத்தில் விழுந்த நுரையைத் துடைத்துக்கொண்டு, "நீங்கள் இவ்வளவு கதைப்பியள் எண்டும் தெரியாது" என்றார். பிறகு அவர் கண் ஹீற்றரில் பட்டது. "ஐயோ, ஆர் இதை ஹீற்றரோட ஒட்டி வைச்சது?"

"உங்கட மகன்!"

"அவனைத் தூக்கச் சொன்னது என்ர பிழை" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மகளும் மருமகனும் வருவதற்குள் அந்த அறையை அவர் கழுவினார். அதைச் சொல்லத்தான் வேண்டும். முகடு, சுவர், கட்டில் சட்டம், நிலம் எல்லாம், மேலிருந்து கீழாக, ஒரு மூலை தவறாமல். மாதா படத்தை மட்டும் என்னிடம் தந்து, "இதை நீங்கள் துடையுங்கோ, தங்கச்சி. எனக்கு மன்னிப்பும் கேளுங்கோ" என்றார். ஹீற்றரின் கம்பிவலைக்குள் பாகு போய் உறைந்திருந்தது. நான் ஈரத்துணியோடு குனிய, "உதில கை வைக்காதையுங்கோ, கறன்ற் சாமான். ஸ்குறூவைக் கழட்டி நான் கழுவித் தாறன்" என்றார். பீப்பாவில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அதற்கு வேறு மூடி போட்டு, ஒரு குழாயை இழுத்துத் தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டுவிட்டு, என்னைப் பார்த்தார். முதல்முறையாக நேரே. "இனி இந்த அறைக்குள்ள இது வேண்டாம், அண்ணை" என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான். ஒரு மலையே விழும் என்று நான் நினைத்திருந்த இடத்தில் ஒரு "சரி".

பீப்பாவை மேலே தன் அறைக்குக் கொண்டுபோனார். அங்கே ஹீற்றரே தேவையில்லை, சூடு தாராளம். எனக்கு அப்போதுதான் புரிந்தது. "அப்ப முதலே அங்க வைச்சிருக்கலாமே?" என்று படியடியில் நின்று கேட்டேன். பீப்பாவை அணைத்துப் பிடித்தபடி பாதிப் படியில் திரும்பி, "மேல மணந்தா மருமகள் ஏசுவா எண்டு பயம்" என்றார். என் மகளுக்கு அவர் பயந்தார், அவருக்கு நான் பயந்தேன். குளிரில் இருந்தவள் நான் ஒருத்திதான்.

கூட்டாளிகள் பங்குனியில் வந்தார்கள். போர்த்துக்கல்காரர் ஒருவர், ஜமேய்க்காக்காரர் ஒருவர், இன்னும் சிலர், எல்லோருக்கும் நரை, எல்லோருக்கும் கையில் அதே வெந்த தோல். பேஸ்மன்றில் கதிரை போட்டு என் அறை வாசலுக்கு முன்னால் இருந்தார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன், கழிப்பறைக்குப் போகவும் வழியில்லை. சம்பந்தியார் கதவில் தட்டினார். "தங்கச்சி, ஒருக்கா வாங்கோ." போனேன். "மை சிஸ்ரர்" என்று அவர்களுக்குச் சொன்னார். அவர்கள் எல்லோரும் எழும்பி நின்றார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஒரு கிளாசில் கொஞ்சம் கறுப்பை ஊற்றித் தந்தார். வாயில் வைத்தேன். பனங்கட்டி போட்டுக் கொதித்த கொத்தமல்லித் தண்ணிக்குள் யாரோ நகப்பூச்சை ஊற்றினதுபோல இருந்தது. "எப்பிடி?" என்றார். "நல்லாயில்லை, அண்ணை" என்றேன். பேத்தி சிரித்துக்கொண்டு அதை அவர்களுக்குச் சொல்ல, போர்த்துக்கல்காரர் மேசையில் அடித்துச் சிரித்தார். அதுவரை அவர் "இன்ரறெஸ்ரிங்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாராம். புளிக்கிற நேரம் சூடு கூடினால் அப்படித்தான் வருமாம். ஆனாலும் போத்தல் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் போனார்கள். போவதற்கு முன் வெறும் போத்தல்களை எல்லோருமாகச் சேர்ந்து சிங்கில் நின்று கழுவினார்கள். அன்றைக்கு அந்த மனிதரின் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. என் நிலம் ஈரமாகத்தான் கிடந்தது.

அதன் பிறகு நாங்கள் கதைத்தோம். கதைத்தோம் என்பதைவிடப் பிடுங்குப்பட்டோம் என்று சொல்லலாம். பேத்திக்குத் தூது வேலை போய்விட்டது. பியர் இன்னும் மோசமாக மணந்தது, பானை இன்னும் கைத்தது, நான் ஏசினேன், அவர் கேட்டார், பிறகும் செய்தார். ஒவ்வொரு குளிருக்கும் ஹீற்றரை எடுத்துப் போட்டதும் அந்தப் பாகு மணக்கும். "அண்ணை, உதைக் கழுவித் தாறன் எண்டியள்." "ஓம், நாளைக்கு. நீங்கள் கை வைக்காதையுங்கோ." பாஸ்காத் திருநாளோடு குளிர் போகும், ஹீற்றரைத் துணி போட்டு மூடி வைப்பேன். அடுத்த குளிர் வரும். "அண்ணை, ஹீற்றர்." "ஸ்குறூக் கழட்டுற கட்டை தேடுறன், தங்கச்சி. கை வைக்காதையுங்கோ." உலகத்துப் பாத்திரமெல்லாம் கழுவின மனிதருக்கு என் ஒரு ஹீற்றரைக் கழுவ நேரம் கிடைக்கவில்லை.

கோடையில் நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அந்த மாதத்தில் ஹீற்றரை யார் நினைப்பார்கள்? சேமக்காலையில் அவரை அடக்கம் செய்தபோது அந்தக் கூட்டாளிகள் ஒரு பக்கமாக நின்றார்கள். போர்த்துக்கல்காரர் என்னிடம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். "சிஸ்ரர்" என்ற சொல் மட்டும் விளங்கியது.

இலையுதிர் காலத்தில் மருமகன் ஆளைக் கூப்பிட்டுப் பேஸ்மன்றுக்குப் புது லைன் போட்டார். அந்த வெறும் இடத்தை ஒரு மாணவனுக்கு வாடகைக்கு விடலாம் என்று எண்ணம். "மாமி, இனி எத்தினை ஹீற்றரும் போடலாம், பிறேக்கர் விழாது" என்று பெருமையாகச் சொன்னார். இதை அந்த மாசியில் செய்திருக்கக் கூடாதா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியும்விட்டேன். அவர் என்னை வியப்பாகப் பார்த்தார்.

நேற்று மகள் படியில் நின்று மறுபடியும் தொடங்கினாள். இந்தத் தரம் நான் பார்ப்பம் என்று சொல்லவில்லை.

"எறிய மாட்டன்" என்றேன்.

"அப்ப கழுவியாவது வையுங்கோவன், அம்மா. மேல வரைக்கும் மணக்குது."

கழுவுவது பெரிய வேலை இல்லை. ஸ்குறூக் கட்டை மேசை லாச்சிக்குள்தான் கிடக்கிறது, அவர் தேடிய காலத்திலும் அங்கேதான் கிடந்தது. இதை எழுதுகிறபோதும் ஹீற்றர் போட்டுத்தான் இருக்கிறது. அறை நல்ல சூடு, பனங்கட்டி அடிப்பிடித்து மணக்கிறது, எனக்கு எரிச்சலாகத்தான் வருகிறது. கழுவித் தாறன், கை வைக்காதையுங்கோ என்றார்.

கை வைக்காமல்தான் வைத்திருக்கிறேன்.